கடக்காமல் திரும்பியவர்கள்

சிக்னல் சாருக்கும் அவருடைய அக்காவுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு சாலைதான். பதினெட்டு மீட்டர் அகலம். அளந்தவரே அவர்தான், அதனால் அந்தக் கணக்கில் சந்தேகமே வேண்டாம். சாலைக்கு இந்தப் பக்கம், மருந்துக்கடையை ஒட்டிய சந்தில் மூன்றாவது வீடு அவருடையது. அந்தப் பக்கம், பச்சைக் கேட் போட்ட கட்டடத்தில் தரைத்தளம் அக்காவுடையது. அவள் வீட்டு ஜன்னல் நேராகச் சாலையைப் பார்த்திருக்கும். நடுவில் வெள்ளைக் கோடுகள், இரண்டு முனையிலும் பொத்தான் வைத்த கம்பம். பொத்தானை அமுக்கினால் கொஞ்ச நேரத்தில் நடப்பவர்களுக்குப் பச்சை விழும். அந்தப் பச்சை எத்தனை நொடி எரிய வேண்டும் என்று முடிவு செய்கிற அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவரும் இவரேதான். தெருவே இவரை சிக்னல் சார் என்று கூப்பிடுவது அதனால்தான்.

இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு வருஷமாக அக்கா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் சிக்னல் சாருக்குத் தீராத குறை. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குச் சம்பந்தி வீட்டார் பதினொரு பேர் வெளியூரிலிருந்து ராத்திரிப் பயணம் செய்து வந்து சேர்ந்தார்கள். சாலையைத் தாண்டினால் வந்துவிடக்கூடிய அக்கா வரவில்லை. கேக்கை வெட்டாமல் ஒரு மணி நேரம் காத்திருந்து, குழந்தை அழுது, மெழுகுவர்த்தி சாய்ந்து, கடைசியில் அவள் இல்லாமலேயே வெட்டினார்கள். அன்று சாயங்காலம் போனில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"ரோட்டைத் தாண்டி வர முடியலையாக்கா உனக்கு? அவ்வளவு பெரிய மனுஷியாயிட்டியா?"

"இதை நீயா கேக்குற?" என்று மட்டும் அக்கா சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

திமிர் என்றால் திமிர், அப்படி ஒரு திமிர்! அப்படித்தான் இவர் நினைத்துக்கொண்டார். அவளாக வருகிற வரைக்கும் அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று அன்றே முடிவு கட்டினார். மனைவி மட்டும் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்தவள் சும்மா இருக்க மாட்டாள்.

"நடை முன்ன மாதிரி இல்லீங்க அவங்களுக்கு. நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்தாதான் என்ன?"

"நடை இல்லாம இல்ல, மனசு இல்ல" என்பார் இவர். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோம் என்று தலையை வேறு ஆட்டிக்கொள்வார். அந்த ஆட்டத்தை நினைத்துத்தான் பின்னால் அவருக்கு உடம்பு கூசியது.

இப்படி இருக்கையில் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். சிக்னல் சாரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். முதல் வாரமே ஒரு சுற்றறிக்கை விட்டார். ஊரில் மூன்றில் ஒருவர் அறுபத்தைந்து வயதைத் தாண்டியாயிற்று. இனிமேல் தொண்ணூறு வயது வாழ்வது யாருக்கும் அதிசயமாக இருக்கப் போவதில்லை. அதற்கு உங்கள் பிரிவு என்ன ஏற்பாடு செய்திருக்கிறது, எழுதிக் கொடுங்கள். பூங்காப் பிரிவு, பெஞ்சுகளுக்குக் கைப்பிடி வைத்ததை எழுதியது. நூலகப் பிரிவு, பெரிய எழுத்துப் புத்தகங்கள் வாங்கியதை எழுதியது. சிக்னல் சார் தன் பங்குக்கு அலமாரியிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, 'ஏற்கெனவே ஆராயப்பட்டது' என்று மேலே ஒரு சீட்டு ஒட்டி அனுப்பிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தின கோப்பு. அவர் வீட்டுப் பக்கத்துச் சாலையைப் பற்றித்தான். பச்சை விளக்கு பதினைந்து நொடிதான் எரிகிறது, வயதானவர்களால் அதற்குள் கடக்க முடியவில்லை, இருபத்தைந்து நொடியாக்கிக் கொடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் எழுதிய மனு. கீழே மூன்று பக்கம் நிறைய நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மனு வந்தால் கணக்கெடுக்க வேண்டும் என்பது விதி. சிக்னல் சார் விதியை மீறுகிற ஆள் இல்லை. ஒரு வேலைநாள் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை தானே நின்று எண்ணினார். கடந்தவர்கள் அறுநூற்று நாற்பது பேர். அதில் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் நாலே நாலு பேர். நாலு பேருக்காக இத்தனை வண்டிகளைப் பத்து நொடி நிறுத்துவதா? 'மேற்படி கடவையை முதியோர் மிகக் குறைவாகவே பயன்படுத்துகின்றனர் என்பதால், நேரத்தை நீட்டிக்க வேண்டிய அவசியம் எழவில்லை' என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்திட்ட நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு நகலைத் தபால் பிரிவு அனுப்பிவைத்தது.

மறுநாளே மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது.

"நாலு பேர்தான் தாண்டினாங்கன்னு எழுதியிருக்கீங்க சார்."

"ஆமா மேடம். நானே நின்னு எடுத்த கணக்கு."

"தாண்ட முடியாம திரும்பிப் போனவங்க எத்தனை பேர்?"

சிக்னல் சாருக்குக் கேள்வியே புரியவில்லை. "தாண்டாதவங்களை எப்படி மேடம் எண்றது?"

"தாண்டினவங்களை எண்ணின மாதிரிதான். தாள்ல இன்னொரு கட்டம் போட்டுக்கங்க. காலைல எட்டு மணிக்குப் போகாதீங்க. அந்த நேரத்துல ஆபீஸ் போறவங்க இடிச்சுத் தள்ளிடுவாங்கன்னு வயசானவங்க வெளியவே வர மாட்டாங்க. பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நில்லுங்க." கோப்பை அவர் பக்கம் தள்ளினார். "முப்பது வயசுக் காலை மனசுல வச்சுப் போட்ட ரோடு சார் இது. இப்ப அதுல நடக்குறது எண்பது வயசுக் காலு."

முப்பத்தோரு வருஷ அனுபவத்துக்கு வந்த கதியைப் பாருங்கள். மனதுக்குள் பொருமிக்கொண்டே, மறுநாள் மடக்கு நாற்காலியும் தொப்பியும் எண்ணும் கருவியுமாகக் கிளம்பினார். அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சாமான். கட்டைவிரலால் அமுக்கினால் ஒவ்வொன்றாக எண் ஏறும். அலுவலகத்தில் அதற்கு டிக்டிக் என்று பெயர். மருந்துக்கடை வாசலில், எடை பார்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். தாளில் 'கடக்காமல் திரும்பியவர்' என்று ஒரு கட்டம் போட்டார். ஒன்றிரண்டு தேறினால் அதிகம் என்று நினைத்தார்.

முதலில் கைத்தடி ஊன்றிய ஒருவர் வந்தார். பொத்தானை அமுக்கினார், பச்சை விழுந்தது, ஒரு காலைக் கீழே வைத்தார். தடியை எடுத்து ஊன்றி, இன்னொரு கால். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பச்சை கண்ணடிக்க ஆரம்பித்துவிட்டது. வந்த வழியே மேலேறிவிட்டார். டிக். அடுத்து வந்தவர் நல்ல சட்டை, பளபளவென்று ஷூ. சாலையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பினார். யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் ஒரு பார்வை வேறு. டிக். இரண்டு பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு பாதி வரை வந்துவிட்டார்கள். நடுக்கோட்டில் மாட்டிக்கொண்டார்கள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் உரசிக்கொண்டு போக, அடுத்த பச்சை வரைக்கும் அசையாமல் நின்றார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று இவருக்குத் தெரியவில்லை. ஒருவன் வண்டியின் வேகத்தைக் குறைக்காமலே, "வீட்ல கிடக்க வேண்டியதுதானே!" என்று கத்திவிட்டுப் போனான். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பதினொன்றரை மணிக்கு டிக்டிக்கில் இருபத்தாறு இருந்தது. சிக்னல் சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலால்தான் என்று சொல்லிக்கொண்டார்.

அப்போது எதிர்ப்பக்கத்துப் பச்சைக் கேட் திறந்தது.

அக்கா வந்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை, தோளில் துணிப்பை. இரண்டு வருஷத்தில் இப்படியா ஆவாள் ஒருத்தி! இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்துக்கொண்டு வந்தாள். வருகிறாள், கடைசியில் அவளாகவே வருகிறாள்! எழுந்துவிட்டார். எழுந்த மனிதர் எதிரே போயிருக்க வேண்டும், கையை ஆட்டியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் நின்ற இடத்திலாவது நின்றிருக்க வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? எடை மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். தொப்பியும் தாளுமாகத் தன்னை அவள் பார்த்துவிடக் கூடாது என்று ஏன் தோன்றியதென்று இன்றுவரை அவரால் சொல்ல முடியாது.

அக்கா பொத்தானை அமுக்கினாள். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் அவளை முந்திக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். நாலு மீட்டர் வந்திருப்பாள், பச்சை கண்ணடித்தது. நின்றாள். திரும்பினாள். திரும்பிப் போகவும் அதே நாலு மீட்டர் இருந்தது. ஒரு கார் அவள் முழங்கையை ஒட்டிக் கிறீச்சென்று நின்று ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டாவது பச்சைக்கு ஒரு காலை மட்டும் கீழே வைத்து எடுத்துக்கொண்டாள். மூன்றாவது பச்சைக்கு அதுவும் இல்லை. தம்பி வீட்டுச் சந்து இருக்கிற பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, வந்த மாதிரியே யோசித்து யோசித்து நடந்து கேட்டுக்குள் போனாள்.

டிக்டிக் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் அமுக்க மறுத்துவிட்டது.

"அந்த அம்மாவைப் பாத்தீங்களா சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர். ஒரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடையை வாங்கினவர். தெருவின் பழைய கதைகள் அவருக்குத் தெரியாது. "வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி வந்து நின்னு பாத்துட்டுப் போவாங்க. மருந்துக்கு இல்ல சார், மருந்தை நானே கொண்டுபோய்க் குடுத்துருவேன். இந்தப் பக்கம் அவங்க தம்பி வீடு இருக்காம். கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வரேன்மான்னேன். வேணாம்னுட்டாங்க. யாரு அந்தத் தம்பின்னு கேட்டா வாயே திறக்க மாட்டாங்க."

சிக்னல் சார் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன தம்பி சார் அவன்? இவங்களால வர முடியல சரி, அவனுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? போய்ப் பாத்தா கிரீடம் கீழ விழுந்துருமா?"

"அதானே" என்றார் சிக்னல் சார். "என்ன மனுஷனோ."

சொன்னாரே! தன் வாயாலேயே சொன்னார். மருந்துக்கடைக்காரர் ஆமோதித்து உச்சுக்கொட்ட, இவரும் சேர்ந்து உச்சுக்கொட்டினார். அதன் பிறகு அந்த வாசலில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை மடக்கக்கூட மறந்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

கோப்பைத் திறந்தார். அவருடைய அலுவலகத்தில் மனுவைப் படிப்பார்கள், கையெழுத்துப் பக்கங்களைப் படிக்க மாட்டார்கள். மொத்தம் எத்தனை என்று கடைசி எண்ணைப் பார்த்துக்கொள்வதோடு சரி. முப்பத்தோரு வருஷமாக அதுதான் வழக்கம், அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. இன்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். நாற்பத்தொன்றாவது கையெழுத்தில் விரல் நின்றது.

அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டபோதெல்லாம், அப்பாவின் கையெழுத்தை இவருடைய மதிப்பெண் அட்டையில் போட்டுக் கொடுத்தவள் அக்காதான். அப்பாவின் எழுத்தையே எழுதினாலும் கடைசியில் அவளுடைய சுழி ஒன்று வந்து விழுந்துவிடும். வாத்தியார் ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை. இங்கேயும் அந்தச் சுழி இருந்தது. எத்தனை வருஷம் அந்தச் சுழியை வைத்து அடி வாங்காமல் தப்பித்திருக்கிறார்! கோப்பில் தேதியைப் பார்த்தார். மறுப்புக் கடிதம் போனது பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குச் சரியாக மூன்று வாரத்துக்கு முன்னால்.

'இதை நீயா கேக்குற?'

காதெல்லாம் சூடாகிவிட்டது அவருக்கு. பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கோப்பை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்தச் சாலையைக் கடந்தார். கடைசி நாலடியை ஓடித்தான் எட்டினார். எப்போதும் ஓடித்தான் கடக்கிறோம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வயது ஐம்பத்தொன்பது. கேட்டில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

கதவு திறந்தே இருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"வா சின்னவனே" என்றாள், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவனைக் கூப்பிடுகிற மாதிரி. "கடைசில ஓடுறியே, பாத்துடா. உனக்கும் முட்டி தேஞ்சிட்டிருக்கு."

அவர் உட்காரவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, ஆணியில் குத்தி ஒரு கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. அலுவலக முத்திரை, அடியில் அவருடைய கையெழுத்து. மேஜைமேல் அந்தத் துணிப்பை. வாய் திறந்த பைக்குள்ளிருந்து, ஒரு வயதுக் குழந்தைக்கு வாங்கின மஞ்சள் கவுன் ஒன்று, கடைச் சீட்டோடு எட்டிப் பார்த்தது. பேத்திக்கு இப்போது மூன்று வயது.

"ஏன்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எழுதிக் குடுத்தேனேடா. நீயும் பதில் போட்டியே." கடிதத்தைக் காட்டினாள். அவள் குரலில் குத்தல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நடுரோட்ல ஒருநாள் மாட்டிக்கிட்டேன். சாவுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதான்னு ஒருத்தன் கேட்டான். அப்புறம் கால் வரல. டாக்சியைக் கூப்பிட்டேன். ரோட்டைத் தாண்டவா வண்டின்னு சிரிச்சான். அப்பதான் மனு வந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். தம்பி பாப்பான், உடனே செய்வான்னு எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொல்லிட்டேன்."

"அக்கா, நான் உன் கையெழுத்தைப் பாக்கல."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சத்தியமா பாக்கலக்கா. அந்தப் பக்கமெல்லாம் நாங்க படிக்கிறதில்ல. எத்தனைன்னு மட்டும்தான் பாப்போம். தெரிஞ்சிருந்தா மறுத்திருப்பேனா?"

இதைச் சொன்னால் அவள் மனம் ஆறிவிடும் என்று நினைத்தார், பாவம்.

"நீ பாத்துட்டுத்தான் முடியாதுன்னுட்டேன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "அதுகூடப் பரவால்லடா. அக்காவுக்காகச் சட்டத்தை வளைக்கக் கூடாதுன்னு இருந்திருப்பான், நேர்மையான பையன்னு நானே மனசைத் தேத்திக்கிட்டேன். நீ பாக்கவே இல்லையா? நூத்துப் பன்னெண்டு பேருல ஒருத்தரைக்கூடப் பாக்கலையா?"

சிக்னல் சாருக்குத் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மருந்துக்கடை தெரிந்தது. அதன் வாசலில் அவருடைய மடக்கு நாற்காலி தெரிந்தது. எடை மெஷினும் தெரிந்தது, வெகு தெளிவாக.

"ஆமா" என்றாள் அக்கா. "பத்து மணிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ உக்காந்திருக்கறதைப் பாத்துட்டுத்தான் சேலையை மாத்திக்கிட்டுக் கிளம்பினேன். இன்னைக்கு இவன் எதிர்ல இருக்கான், பாதி தூரம் வந்து கையைப் புடிச்சுப்பான்னு நெனச்சேன்."

"அக்கா..."

"ஒளிஞ்சுக்கிட்டே."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது ஆள், மதிப்பெண் அட்டையோடு நின்ற பையனைப் போல நடுக்கூடத்தில் நின்று அழுதார். காலையில் டிக்டிக்கோடு யாரை எண்ண வந்தோம் என்பதையும், மருந்துக்கடைக்காரரிடம் தான் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்றைக்கு இதற்குமேல் எதையும் ஒளித்து வைக்க அவருக்குத் தெம்பில்லை. அக்கா சமாதானம் சொல்லவில்லை. எழுந்து வந்து தோளைத் தட்டவும் இல்லை. அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கே இருபத்தஞ்சு நொடியாக்கச் சொல்லி எழுதறேன்க்கா" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உனக்காக."

"எனக்காக ஒண்ணும் மாத்த வேணாம்." இந்த ஒரு இடத்தில்தான் அவள் குரல் உயர்ந்தது. "என் பேரைப் பாத்திருந்தா மாத்தியிருப்பேன்னு சொல்றே பாரு, அதுதான்டா எனக்கு ஆறல. மிச்சம் நூத்துப் பதினோரு பேருக்கு உன்னை மாதிரித் தம்பி இல்ல." ஜன்னலுக்கு வெளியே சாலையைக் காட்டிக் கேட்டாள். "எத்தனை பேரு திரும்பிப் போனாங்க இன்னைக்கு?"

"இருபத்தாறு."

"என்னைச் சேத்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப் பையில் அந்தக் கருவி கனத்தது.

"சேக்கல" என்றார்.

"எடு அதை."

எடுத்தார்.

"அமுக்கு" என்றாள் அக்கா.

அமுக்கினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். இருபத்தேழு.